மணி அடித்துக்கொண்டிருந்த வீடு

அம்மா இறந்த பிறகு, ஹரோவில் அண்ணாவின் வீட்டில் எனக்கென்று ஒரு வேலையும் மிஞ்சவில்லை. அதுவரை அம்மாவுக்கு மருந்து கொடுப்பதும் குளிக்க வார்ப்பதும் என் பொறுப்பு. முன்னறையில் அவருக்காகப் போட்டிருந்த கட்டிலை ஆஸ்பத்திரிக்காரர் வந்து கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த இடத்துக்குச் சோபா திரும்பி வந்தது. பிள்ளைகள் அதில் உட்கார்ந்து டீவி பார்த்தார்கள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. நான்தான் எங்கே உட்காருவதென்று தெரியாமல் நின்றேன்.

எனக்கு அப்போது நாற்பதை நெருங்கும் வயது. கல்யாணம் ஆகவில்லை. பகலில் ஒரு கல்லூரியில், நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இங்கிலீஷ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அண்ணியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நான் எவ்வளவு பிந்தி வந்தாலும் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுத்தான் படுப்பார். ஆனால் நான் குசினிக்குள் நுழைந்தால் அங்கே நடந்துகொண்டிருந்த பேச்சு நின்றுவிடும். என்னைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள், அதுவும் நல்லெண்ணத்தோடு. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கூட வேலை செய்த ஒருத்தி, சீனாவில் ஒரு கல்லூரிக்கு இங்கிலீஷ் ஆசிரியர் தேவை என்று சொன்னாள். நான் எழுதிப் போட்டேன். தொலைபேசியில் சில கேள்விகள் கேட்டார்கள், ஒரு படம் அனுப்பச் சொன்னார்கள், வேலை கிடைத்துவிட்டது. அண்ணாவிடம் சொன்னபோது அவர் கையில் வைத்திருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"சீனாவிலை உனக்கு ஆர் இருக்கினம்?" என்றார்.

"ஒருத்தரும் இல்லை அண்ணை. அதுதான் போறன்."

அவர் என்னை ஹீத்ரோவில் இறக்கிவிட்டபோது, ஏலாவிட்டால் உடனே திரும்பி வா, ஒருத்தரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்றார்.

நான் போய்ச் சேர்ந்தது ஒரு பெரிய ஆற்றின் கரையில் இருந்த நகரம். கல்லூரி ஆற்றை ஒட்டியே இருந்தது. என்னைப் பார்த்ததும் துறைத்தலைவருக்கு ஒரு நிம்மதி வந்ததைக் கவனித்தேன். முன்பு இருந்த ஆசிரியரும் உங்களைப்போலத்தான் இருப்பார், அவரும் லண்டன்தான், மிக நல்ல மனிதர் என்றார். வெள்ளைக்காரரையே தேடுகிற இடத்தில் என் படத்தைப் பார்த்த பிறகும் ஏன் உடனே எடுத்தார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. அவர் எங்கே இப்போது என்று கேட்டேன். ஊருக்குப் போய்விட்டார் என்றார் துறைத்தலைவர்.

அவர் இருந்த வீட்டையே எனக்குக் கொடுத்தார்கள். மூன்றாம் மாடி, வெளியறை ஒன்று, படுக்கையறை ஒன்று, ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய குசினி. அந்த மாடியில் மற்றக் கதவுகளெல்லாம் பழசாகி நிறம் போயிருந்தன. என்னுடையது மட்டும் புதிய கதவு, பச்சை வர்ணம் அடித்தது. வெளிநாட்டுக்காரிக்காகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து எனக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

லண்டனில் இருபது வருஷமாக, நீ உண்மையில் எந்த ஊர் என்று கேட்டால் யாழ்ப்பாணம் என்று சொல்லிப் பழகியவள் நான். இங்கே எந்த ஊர் என்று கேட்டார்கள், லண்டன் என்றேன், சிரித்தார்கள். லண்டன் ஆட்கள் எப்படி இருப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். சந்தையில் ஒருத்தி என் மணிக்கட்டைப் பிடித்து ஈரவிரலால் தேய்த்துப் பார்த்தாள், நிறம் போகிறதா என்று. கெட்ட எண்ணம் இல்லை. தேய்த்துவிட்டு எனக்கு இரண்டு தோடம்பழம் கூடுதலாகப் போட்டாள். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை கடைசிவரை காலியாக வரும். வகுப்பில் என்மேல் உயிராக இருக்கும் பிள்ளைகள் வெளியே என்னைக் கண்டால் வெட்கத்தில் ஓடிவிடுவார்கள். பின்னேரங்களில் ஆற்றங்கரை முற்றத்தில் பாட்டுப் போட்டு நடுத்தர வயதுப் பெண்கள் வரிசையாக நின்று ஆடுவார்கள். நான் ஒரு மரத்தடியில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவேன். வளாகத்துக்குப் பொதுவான கொதிநீர்க் கூடத்தில் பிளாஸ்கை நிரப்பிக்கொண்டு படியேறுவேன்.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்தால் திங்கள்கிழமை காலைவரை என் குரலை நானே கேட்பதில்லை. வெங்காயம் வெட்டும்போது வெங்காயத்தோடு பேசத் தொடங்கினேன். தமிழில்தான்.

முதல் மழை பெய்த அன்று குசினி அலமாரியைத் திறந்தேன். மல்லியும் சீரகமும் வறுத்த வாசம் வந்தது. அலமாரி வெறுமையாகத்தான் இருந்தது. ஈரத்தில் பலகைக்குள்ளிருந்து அந்த வாசம் கிளம்பியிருக்க வேண்டும். கையை விட்டுத் தடவினேன். பலகை இடுக்கில் கடுகு நாலைந்து அகப்பட்டது. பின்னால், மூலையில், ஒரு எவர்சில்வர் டம்ளர். நான் அந்தக் குசினித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு முன்னால் இந்த வீட்டில் இருந்தவர் நம்மைப்போல் சமைத்த ஒருவர். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பின்கழுத்தில் யாரோ மூச்சு விட்டதுபோல் இருந்தது.

அதற்குப் பிறகு அவரை வீடு முழுவதும் காணத் தொடங்கினேன். மெத்தையில் சுவர்ப்பக்கமாக ஒரு பள்ளம் இருந்தது. எந்தப் பக்கம் படுத்தாலும் விடியும்போது நான் அந்தப் பள்ளத்தில்தான் கிடப்பேன். ஒழுகும் குழாயை ஒரு சணல்கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார். வேறு மாதிரிக் கட்டிப் பார்த்தேன், ஒழுகியது. அவர் கட்டியது போலவே கட்டினேன், நின்றது. வெளியறை நாற்காலி ஆற்றைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. அதை மேசைப்பக்கம் திருப்பி வைப்பேன். மாலையில் பார்த்தால் அது மறுபடி ஆற்றைப் பார்த்திருக்கும், நானே திருப்பிப் போட்டு உட்கார்ந்திருப்பேன். எப்போது திருப்பினேன் என்பது நினைவிருக்காது.

வெளியறையில் ஒரு தொலைபேசி இருந்தது. ஒரு நாள் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அது அடித்தது. எடுத்து ஹலோ என்றேன். மறுபக்கம் சத்தமில்லை. ஆனால் ஆள் இருப்பது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் வைத்துவிட்டார்கள். அடுத்த கிழமையும் அப்படித்தான். மூன்றாவது முறை எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டே, எனக்கு நானே சொல்வதுபோல், "ஆரப்பா இது, எடுத்துப்போட்டுக் கதைக்காமல் நிக்கிறது" என்றேன்.

அந்தப் பக்கம் மூச்சு ஒன்று இழுபட்டது.

"நீங்க தமிழா?" என்றது ஒரு பெண்குரல்.

இரண்டு மாதமாக யாரும் என்னோடு தமிழ் பேசவில்லை. அண்ணாவோடு போனில் பேசும்போதுகூட அவர் பிள்ளைகளுக்காகப் பாதி இங்கிலீஷில்தான் பேசுவார்.

"ஓம்," என்றேன். "நீங்கள் ஆர்?"

தான் லண்டனில், குரோய்டனில் இருந்து பேசுவதாகச் சொன்னார். பிறந்தது மலேசியாவில், லண்டனுக்குப் படிக்க வந்து அங்கேயே இருந்துவிட்டவர். ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே பிரிவில் வேலை. அவருடைய தம்பிதான் அந்த வீட்டில் இருந்தவர். நம்பர் ஞாபகத்தில் இருந்தது, சும்மா போட்டுப் பார்த்தேன், யாராவது எடுப்பார்கள் என்று நினைக்கவில்லை, பயந்துவிட்டேன் என்றார். நான் சிரித்துவிட்டேன். நானும்தான் பயந்தேன் என்றேன். தம்பி இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டேன்.

"இங்கதாம்மா," என்றார். "வீட்டுலதான் இருக்கான்."

அப்படித்தான் தொடங்கியது. அதன்பிறகு கிழமைக்கு ஒரு முறை பேசினோம். அவருக்கு அது மதியச் சாப்பாட்டு நேரம். போன் கார்ட் ஒன்று வாங்கி வைத்திருப்பார், அது தீரும்வரை பேச்சு. நான் அவரை அக்கா என்றேன். பெரும்பாலும் அவர்தான் கேட்பார், நான் சொல்வேன். சன்னலால் என்ன தெரிகிறது, ஆற்றில் இன்று படகு போகிறதா, குழாய் இன்னும் ஒழுகுகிறதா, கீழ்மாடியில் இருக்கிற காவல்காரப் பெண் இன்னும் பூனை வளர்க்கிறாளா. உங்கள் தம்பி சொல்லவில்லையா என்று ஒருமுறை கேட்டேன். அவன் ஒன்றும் சொல்ல மாட்டான் என்றார். ஆண்கள் அப்படித்தானே என்று நான் விட்டுவிட்டேன்.

குளிர்காலம் வந்தது. அந்த ஊரில் வீடுகளைச் சூடாக்கும் வழக்கம் இல்லை. வகுப்பில் பிள்ளைகள் தடித்த கோட்டோடும் கையுறையோடும் உட்கார்ந்திருப்பார்கள். சீனப் புதுவருஷ விடுமுறை நெருங்க, ஒவ்வொருவராகப் பெட்டியை இழுத்துக்கொண்டு ரயிலுக்குப் போனார்கள். சில நாட்களில் வளாகம் ஆளற்றுப் போய்விட்டது. சாப்பாட்டுக் கூடத்தை மூடினார்கள். கொதிநீர்க் கூடத்தையும் மூடினார்கள். எனக்கு லண்டனுக்குப் போக மனம் வரவில்லை. அம்மா இல்லாத முதல் குளிர்காலம் அந்த வீட்டில் எப்படி இருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

காவல்காரப் பெண் கடைசி ஆளாகத் தன் ஊருக்குப் புறப்பட்டாள். போகும் முன் ஒரு பை தோடம்பழத்தோடு மேலே வந்தாள். நான் எப்போது போகிறேன் என்று கேட்டாள். அதற்குள் எனக்கு அவ்வளவு சீனமொழி விளங்கும். போகவில்லை, இங்கேதான் இருக்கப்போகிறேன் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. வாசலில் நின்றபடியே பச்சைக் கதவைக் கையால் தட்டிக் காட்டினாள். புதுக் கதவு, புதுக் கதவு என்றாள். பிறகு தோளால் இடிப்பதுபோல் செய்து காட்டினாள். போன வருஷம், இதே விடுமுறை, ஆசிரியர் ஊருக்குப் போகவில்லை என்றாள். விடுமுறை முடிந்து எல்லோரும் திரும்பி வந்தோம், அவர் கதவு திறக்கவில்லை என்றாள். இரண்டு கையையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்து, கண்ணை மூடி, தலையை ஆட்டினாள். நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. உள்தாழ்ப்பாளைப் போடாதே, பூட்டு மட்டும் போதும் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். என்னிடம் ஒரு சாவியை வாங்கி, வாசலில் காவலுக்குத் தங்கியிருந்த கிழவரிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

நான் படுக்கையறைக்குள் போய் மெத்தையைப் பார்த்தேன். அந்தப் பள்ளத்தைப் பார்த்தேன். அன்றைக்கு மெத்தையை வெளியறைக்கு இழுத்துக்கொண்டு வர முயன்றேன், தனியாக முடியவில்லை. வாசலில் பாதியில் மாட்டிக்கொண்டது. மறுபடி தள்ளி அதே இடத்தில் போட்டேன். வேறு எங்கே படுப்பது?

மாலையில் தொலைபேசி அடித்தது. கிழமையில் வழக்கமாகப் பேசும் நாள் இல்லை.

"காலேஜ் மூடிட்டாங்களாம்மா?" என்றார் அக்கா.

மூடிவிட்டார்கள் என்றேன். தம்பி வீட்டிலேயே இருக்கிறான் என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் கேட்கவில்லை. சாப்பிட்டீர்களா என்றார், என்ன சமைத்தீர்கள் என்றார், கொஞ்ச நேரம் பேசிவிட்டு வைத்தார். அடுத்த நாளும் போன் எடுத்தார். அதற்கு அடுத்த நாளும். வேலை இல்லை, சும்மா போட்டேன் என்பார். ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு காரணம். மூன்றாம் நாளோ நாலாம் நாளோதான் எனக்கு உறைத்தது, இந்தப் பெண் விடுமுறை முடியும்வரை தினமும் எடுக்கப்போகிறார் என்று. எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, தெரியும் என்று நானும் சொல்லவில்லை.

புதுவருஷத்துக்கு முதல்நாள் மாலை நகரம் முழுவதும் வெடி கொளுத்தினார்கள். அக்கா போனில் பேசியது ஒன்றும் கேட்கவில்லை. நான் வயர் எட்டும் தூரம்வரை போய் ரிசீவரைச் சன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன். மறுபடி காதில் வைத்தபோது அவர், "தீபாவளி மாதிரி இருக்குல்ல," என்றார். அவ்வளவு பேர் ஒன்றாகச் சந்தோஷப்படுகிற சத்தத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. கீழே பார்த்தால் வளாகத்தில் ஒரு விளக்குக்கூட இல்லை.

அதற்குப் பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது. குளிர்நீரில் தலை முழுகியதாலோ என்னவோ. இரண்டு போர்வைக்குள் சுருண்டு கிடந்தேன். மதியமா மாலையா என்று தெரியாத ஒரு பொழுதில் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. எழும்ப வேண்டும் என்று நினைத்தேன். கால் என்னுடையதாக இல்லை. அடித்து நின்றது. மறுபடி அடித்தது. அந்தப் பள்ளத்தில் கிடந்தபடி நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இதே சத்தம் இதே இடத்தில் அக்காவின் தம்பிக்கும் கேட்டிருக்குமா, கேட்க உயிரோடு இருந்தாரா, இல்லையா என்று நினைத்தேன். அறையில் நான் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. அதைக் காய்ச்சல் என்றே இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன். ஆனால் யாரோ என்னை எழும்பு எழும்பு என்று அவசரப்படுத்தியதுபோல் இருந்தது. நான் தரையில் இறங்கி, தவழ்ந்து, வெளியறைக்குப் போனேன்.

எடுத்தேன். அந்தப் பக்கம் முதல் நாள் போலவே சத்தமில்லை.

"அக்கா," என்றேன்.

"இருக்கீங்களா?"

"இருக்கிறன் அக்கா. காய்ச்சல். எழும்ப ஏலாமல் கிடந்திட்டன்."

அவர் அழுதார். நான் தரையில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். போன வருஷம் இதேபோல் தினமும் அடித்தேன், எங்கோ ஊர் சுற்றப் போயிருப்பான் என்று நினைத்தேன், அப்படி நினைத்துச் சந்தோஷம்கூடப் பட்டேன் என்றார். எனக்குத் தெரியும் அக்கா என்றேன். தெரியுமா என்றார். பிறகு, யாரையாவது கூப்பிட முடியுமா, சாவி யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டார். நான் சன்னலைத் திறந்து கத்தினேன். வாசல் கிழவர் வந்தார், கஞ்சி வைத்துக்கொண்டு வந்தார், மருந்துக் கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்று அக்கா மூன்று முறை எடுத்தார்.

கோடையில் ஒப்பந்தம் முடிந்தது. இன்னொரு வருஷம் இருக்கச் சொன்னார்கள். நான் லண்டனுக்குத் திரும்பிவிட்டேன்.

அண்ணாவின் வீட்டுக்குப் போகவில்லை. ஹரோவிலேயே, ஒரு கடைக்கு மேலே, சின்ன பிளாட் ஒன்று எடுத்தேன். அண்ணிக்கு அதில் கொஞ்சம் வருத்தம். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் இருந்து சாப்பிட்டுவிட்டு வருவேன். சீனாவைப் பற்றிக் கேட்டார்கள், பாம்பு சாப்பிடுவார்களா என்று கேட்டார்கள், நான் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னேன். வேறொன்றும் சொல்ல வரவில்லை. லண்டன் எனக்கு விசித்திரமாக இருந்தது. மெட்ரோபாலிட்டன் லைன் ரயிலில் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வருஷமாக எல்லோரும் பார்த்துப் பார்த்துக் கூசிப்போயிருந்த எனக்கு, இப்போது நான் அங்கே இருக்கிறேனா என்று சந்தேகம் வந்தது. பிளாட்டில் தொலைபேசி அடிக்காதபோதும் அடிப்பதுபோல் கேட்கும். எழுந்து போய்க் கையை வைத்துப் பார்ப்பேன்.

அக்கா ஒரு சனிக்கிழமை சாப்பிட வரச் சொன்னார். குரோய்டனுக்கு நான் அதற்கு முன் போனதெல்லாம் விசா விஷயமாக குடிவரவு அலுவலகம் இருந்த பெரிய கட்டடத்துக்குத்தான். அண்ணாவும் நானும் குளிரில் வரிசையில் நின்ற நாட்கள். ரயிலால் இறங்கியதும் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. அக்கா நிலையத்துக்கே வந்திருந்தார். குரலை வைத்து உயரமான ஒருவரை நினைத்திருந்தேன். என் தோளுக்குத்தான் இருந்தார், தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தார். இரண்டு பேருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. டிராமில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிட்டாச்சா என்று கேட்டுக்கொண்டோம், சாப்பிடத்தான் போகிறோம் என்பதை மறந்து.

வீட்டில் முன்னறை அலமாரியில், படங்களுக்கு நடுவே, ஒரு மரப்பெட்டி இருந்தது. அக்கா அதைக் காட்டவில்லை. நானே பார்த்துக்கொண்டேன். கல்லூரிக்காரர் தகனம் செய்து அனுப்பி வைத்தது. வீட்டிலேதான் இருக்கிறான் என்று சொன்னது பொய்யில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் தட்டுகளை எடுக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்த வீடு எப்படி இருக்கும் என்று காட்டச் சொன்னார். எதில் காட்டுவது? மேசையில் இருந்ததை வைத்தே காட்டினேன். சோற்றுப் பாத்திரத்தை நகர்த்திக் கட்டில் என்றேன். கறிக்கிண்ணம் குசினி. இரண்டு கரண்டியை வைத்து நடுச்சுவர். தண்ணீர்க் கிளாஸ் சன்னல், அதற்கு அப்பால் ஆறு. அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றார். சொன்னேன். பிறகு உப்புப் புட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"போன் எங்க இருந்துச்சு?"

நான் அதை வெளியறையில் சுவரோரமாக வைத்தேன். அவர் விரலை நீட்டி, கட்டிலில் இருந்து உப்புப் புட்டிவரை மெல்ல இழுத்துக்கொண்டு போனார். கரண்டியைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. ஒரு சாண்கூட இல்லை.

"இவ்வளவுதானா?"

"கிட்டத்தான் அக்கா," என்றேன். "ஆனால் எனக்கே எழும்ப ஏலாமல் போச்சு. காய்ச்சலுக்கே அப்பிடி எண்டால், அவருக்கு நெஞ்சு. அவருக்கு அந்தச் சத்தமே கேட்டிருக்காது."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாதுதான். அதைச் சொன்னேன். நான் தவழ்ந்து வந்ததையும், யாரோ எழும்பச் சொல்லி அவசரப்படுத்தியதுபோல் இருந்ததையும் அப்போதுதான் முதல்முறையாக ஒருவரிடம் சொன்னேன். ஆறுதலுக்காகச் சொல்கிறேன் என்று நினைப்பாரோ என்று பயமாக இருந்தது. அவர் அப்படி நினைக்கவில்லை. எந்தப் பாஷையில் என்று மட்டும் கேட்டார். நான் யோசித்தேன். பாஷை இல்லை, பள்ளிக்கூடத்துக்குப் பிந்திவிட்டது என்று வீட்டில் உலுக்குவார்களே, அப்படி என்றேன்.

"அவன் அப்படித்தான் எழுப்புவான் என்னை," என்றார். மேசையில் கறி காய்ந்துகொண்டிருந்தது. கடைசியில் அவர்தான் எழுந்து கட்டிலை எடுத்து மூடி, பிரிட்ஜுக்குள் வைத்தார்.

அஸ்தியைக் கரைக்க வருகிறீர்களா என்று அக்கா கேட்டது இலையுதிர்காலத்தில். தனியாகப் போகத் தைரியம் வரவில்லை, வேறு யாரையும் கூப்பிடவும் மனமில்லை என்றார். சவுத்எண்ட் கடற்கரைக்குப் போனோம். ஒரு சனிக்கிழமை காலை ரயிலில், அவர் மடியில் பையை வைத்துக்கொண்டு வந்தார். நிலையத்தில் இறங்கி மேட்டில் இருந்து பார்த்தால் கடலைக் காணவில்லை. வற்று நேரம், கடல் உள்ளே வாங்கியிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான். படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. நாங்கள் இருவரும் தீவுகளிலும் தீபகற்பங்களிலும் பிறந்து வளர்ந்தும், கடலுக்கு நேரம் பார்த்து வரவேண்டும் என்று யோசிக்கவில்லை. அக்கா முதலில் திகைத்து நின்றார், பிறகு சிரிக்கத் தொடங்கினார். தம்பி எதற்கும் பிந்தித்தான் வருவான் என்றார்.

ஒரு தேநீர்க் கடையில் போய் உட்கார்ந்தோம். மேசையில் மூன்று நாற்காலி. அக்கா பையை மூன்றாவதில் வைத்தார். கூட்டம் சேர்ந்ததும், பரிமாறும் பெண் வந்து அந்த நாற்காலியை எடுக்கலாமா என்று மரியாதையாகக் கேட்டாள். ஆள் இருக்கிறார் என்றார் அக்கா இங்கிலீஷில். அந்தப் பெண் பையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய், நாங்கள் கேளாமலே இன்னொரு கோப்பைத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். யாரும் அதைக் குடிக்கவில்லை.

பின்னேரம் தண்ணீர் வந்தது. அலையாக வரவில்லை, சேற்றின் மேல் ஒரு மினுக்கமாகப் பரவிக்கொண்டு வந்தது, படகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. கல்படியில் இறங்கி நின்று அக்கா பெட்டியைத் திறந்தார். காற்று எங்கள் பக்கமாக அடித்தது. பாதி தண்ணீரில் போனது, கொஞ்சம் எங்கள் கோட்டில் வந்து ஒட்டியது. அவர் தன் கோட்டைத் தட்டவில்லை. நானும் தட்டவில்லை. திரும்பும் ரயிலில் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். நான் சன்னல் கண்ணாடியில் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதன்பிறகு அவர் என்னை அழைப்பது குறைந்தது. நான் காத்திருந்து பார்த்துவிட்டு ஒரு நாள் நானே எடுத்தேன். கோபமா என்று கேட்டேன். கோபமில்லை, இப்போது படுத்தால் தூக்கம் வருகிறது, எழுந்தால் வேலைக்கு நேரம் சரியாக இருக்கிறது என்று கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். ஓய்வு பெற்றதும் ஈப்போவுக்குப் போய்விடப் போகிறேன் என்றார். பிறகு அப்படியே போய்விட்டார்.

"நீங்க நல்லா தூங்குறீங்களாம்மா?" என்று அன்று கேட்டார்.

நல்லாத் தூங்குறன் அக்கா என்றேன். அது அப்போது உண்மையில்லை. கடைக்கு மேலே இருந்த அந்தப் பிளாட்டில், என் புதிய மெத்தையில், சுவர்ப்பக்கத்தை யாருக்கோ விட்டுவிட்டு ஓரமாகப் படுத்துக்கொண்டிருந்தேன். அது எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிறு காலை அண்ணா வந்து கதவைத் தட்டி, சாப்பாட்டுக்கு ஏன் வரவில்லை, ஒருக்கால் போன் எடுத்துச் சொல்லியிருக்கலாமே என்று கோபித்தபோது, நேரம் மதியத்தைத் தாண்டியிருந்தது. நான் கட்டிலின் நடுவில் கிடந்து தூங்கியிருக்கிறேன்.

"பொறு அண்ணை, வாறன்," என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனேன்.